ஹஜ் பயணமும் முதுமைக்கால முதலும்

(ஹஜ் விண்ணப்பக் காலத்தை முன்னிட்டு, நமது பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பின் நடைபெற்ற வழிகாட்டல் கூட்டத்தில், ஜமாஅத் உறுப்பினரும் ஓய்வுபெற்ற ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய சாந்தியும் அருளும் நம் பெருமானார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



ஹஜ்ஜின் சிறப்புகளையும் அமல்களின் முறையையும் இமாம் அவர்கள் நமக்கு விளக்கியிருக்கிறார்கள். நான் ஆலிம் அல்லன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தியவன். ஆகவே ஹஜ்ஜின் கணக்குப் பக்கத்தை மட்டும் பேசுமாறு நிர்வாகத்தினர் என்னைப் பணித்துள்ளனர். நான் கூறும் மார்க்கச் சட்டங்களை இமாம் அவர்களிடம் முன்னரே காட்டி, அவர்கள் திருத்தித் தந்த பிறகே இங்கு வந்துள்ளேன்.

இந்த உரைக்குக் காரணமாக அமைந்தது ஒரு கேள்வி. சில மாதங்களுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் என் வீட்டிற்கு வந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் சவூதி அரேபியாவில் வாகன ஓட்டியாகப் பணிபுரிந்து, பணிக்கொடையுடன் ஊர் திரும்பியவர். வயது ஐம்பத்தாறு. "மாமு, கையில் இருக்கும் பணத்தில் நானும் வீட்டிலும் ஹஜ்ஜுக்குப் போய் வந்தால், பிறகு பிழைப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. பிழைப்புக்கு ஒதுக்கினால் ஹஜ் தள்ளிப்போகும். தள்ளிப்போட்டால் குற்றவாளி ஆவேனா? நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

அன்று அவருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனெனில், இதே கேள்வியில் நானே ஒருமுறை தவறான விடை எழுதியவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சக்தி என்பது யாது?

ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 97-ஆம் வசனம், சென்றுவரச் சக்தி பெற்றவர் மீதே ஹஜ்ஜைக் கடமையாக்குகிறது. தொழுகையும் நோன்பும் ஏழைக்கும் செல்வந்தருக்கும் பொது. ஹஜ்ஜுக்கு மட்டும் இறைவனே ஒரு வரம்பைச் சேர்த்தருளினான். அந்த வரம்பை நாமாக அகட்டவும் கூடாது. நாமாகக் குறுக்கவும் கூடாது.

யமன் தேசத்திலிருந்து சிலர் கட்டுச்சோறு ஏதும் இல்லாமல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு வந்தார்கள். அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைத்துள்ளோம் என்றார்கள். மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்தினார்கள். அவர்களைக் குறித்தே, பயணத்திற்கு வேண்டியதைச் சேகரித்துக்கொள்ளுமாறு கட்டளையிடும் பகரா அத்தியாயத்தின் 197-ஆம் வசனம் அருளப்பெற்றதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதை இமாம் புகாரீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். தவக்குல் என்பது வெறுங்கையுடன் புறப்படுவதன்று என்பதை இதனால் அறிகிறோம்.

ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது, தம் செல்வத்தில் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய அனுமதி வேண்டினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அனுமதிக்கவில்லை. அதுவும் அதிகமே என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விடுவதைக் காட்டிலும் தன்னிறைவோடு விட்டுச் செல்வது மேல் என்று காரணமும் கூறினார்கள். யூஸுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழாண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் செய்து, பஞ்சமான ஏழாண்டுகளில் ஒரு நாட்டையே காத்த வரலாறும் நாம் அறிந்ததே. ஆகவே, முதுமைக்குச் சேமிப்பது உலக ஆசை என்று எவரும் இகழ வேண்டாம். அதே வேளையில், சேமிப்பைக் காரணம் காட்டிக் கடமையைத் தட்டிக்கழிக்கவும் வேண்டாம்.

ஃபிக்ஹுக் கலை வல்லுநர்கள் இதை நுட்பமாக அலசியிருக்கிறார்கள். குடியிருக்கும் வீடு, உடை, தொழிற்கருவிகள், கடன்கள், ஹாஜி திரும்பி வரும்வரை குடும்பத்தாருக்கான செலவு ஆகிய இவற்றைக் கழித்த பிறகு, பயணத்திற்குப் போதுமான பொருள் எஞ்சினால் ஹஜ் கடமையாகிறது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜகாத்தைப் போல் ஓராண்டு பூர்த்தியாக வேண்டும் என்னும் நிபந்தனை ஹஜ்ஜுக்கு இல்லை.

அடுத்து, பிழைப்புக்கான முதல் பற்றிய கேள்வி. ஹனஃபீ மத்ஹபின் சட்ட நூல்கள் இதற்குத் தெளிவாக விடை கூறுகின்றன. வணிகத்தால் பிழைப்பவர் ஹஜ் செலவையும் குடும்பச் செலவையும் எடுத்த பின், மீண்டும் வணிகம் செய்வதற்கான முதல் எஞ்ச வேண்டும். உழவருக்கு ஏரும் மாடும் எஞ்ச வேண்டும். கைவினைஞருக்குக் கருவிகள் எஞ்ச வேண்டும். எஞ்சவில்லை எனில் அவர் மீது ஹஜ் கடமையாகவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கூற்று இதற்கு மாறானது. வணிக முதலையும் ஹஜ்ஜுக்குச் செலவிட வேண்டும் என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் வலுப்படுத்திய கருத்து.

இவ்வாறு கூறிய ஷாஃபிஈ மத்ஹப், இன்னொரு வாயிலில் இலகுவைத் தந்துள்ளது. கடமையான ஹஜ்ஜை, நிறைவேற்றும் உறுதியோடு, பிற்பாடு செய்வதற்கு அது இடமளிக்கிறது. உடல் நலிந்துவிடும் அல்லது பொருள் அழிந்துவிடும் என்ற அச்சம் இருந்தால் அந்தச் சலுகை இல்லை. ஹனஃபீ மத்ஹபிலோ, கடமையான ஆண்டிலேயே செய்ய வேண்டும் என்பது வலுவான கருத்து. காரணமின்றித் தாமதிப்பவர் குற்றவாளி ஆவார். நம் மஹல்லாவில் பெரும்பாலோர் ஹனஃபீகள். ஷாஃபிஈ குடும்பங்களும் உண்டு. எந்த மத்ஹபைப் பின்பற்றுகிறீர்களோ அதனை முழுமையாகப் பின்பற்றுங்கள். ஒன்றிலிருந்து முதலுக்கான சலுகையையும் மற்றொன்றிலிருந்து தாமதத்திற்கான சலுகையையும் எடுத்துக்கொண்டால், கடைசிவரை ஒருவர் மீதும் ஹஜ் கடமையாகாமலே போய்விடும்!

ஒரு கணக்கு

இனி அந்தச் சகோதரரின் கணக்கைப் பார்ப்போம். அவருடைய இசைவோடு, தொகைகளைச் சற்றே மாற்றிச் சொல்கிறேன்.

சவூதி தொழிலாளர் சட்டப்படி, முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு அரைமாத ஊதியமும், அதற்குமேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாத ஊதியமும் பணிக்கொடையாகக் கணக்கிடப்படும். மாத ஊதியம் 1,800 ரியால் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்தாண்டுகளுக்கு 4,500 ரியால். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு 36,000 ரியால். ஆக மொத்தம் 40,500 ரியால். ஒரு ரியாலுக்கு 22 ரூபாய் என்று கணக்கிட்டால் 8,91,000 ரூபாய். இருபத்தைந்து ஆண்டு உழைப்பின் இறுதிப் பலன் இவ்வளவே. அரசு ஊழியருக்கு உள்ளது போன்ற மாதாந்திர ஓய்வூதியம் அவருக்கு இல்லை.

இந்திய ஹஜ் கமிட்டி வழியாகச் செல்வோருக்கு 2025-ஆம் ஆண்டு ஹஜ்ஜில் முதல் தவணை மட்டும் 1,30,300 ரூபாய்; இரண்டாம் தவணை 1,42,000 ரூபாய்; புறப்படும் விமான நிலையத்தைப் பொறுத்து மூன்றாம் தவணையும் உண்டு. கைச்செலவையும் குர்பானியையும் சேர்த்து, ஒருவருக்கு மூன்றரை இலட்சம் என்று நம் கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். கணவன் மனைவி இருவருக்கும் ஏழு இலட்சம். எஞ்சுவது 1,91,000 ரூபாய். "ஒன்றும் மிஞ்சாது" என்று அவர் சொன்னது உண்மையே.

ஆனால், கணக்கில் ஒரு வரியை அவர் தவறாக எழுதியிருந்தார். மனைவியின் ஹஜ் செலவு கணவன் மீது கடமையன்று. ஹஜ் என்பது ஒவ்வோர் ஆணுக்கும் பெண்ணுக்கும் அவரவர் பொருளின் மீது வரும் கடமை. மனைவிக்குச் சொந்தமாக நகையோ நிலமோ இருந்து, ஹஜ் செலவுக்குப் போதுமானதாக இருந்தால் அவர் மீது தனியே கடமையாகும், இல்லையெனில் கடமையாகாது. மனைவியை அழைத்துச் செல்வது அன்பு, நன்றி, பெரும் நற்செயல். அதனைக் கடமை என்று எண்ணி, இருவர் செலவும் சேரும்வரை தம் கடமையைத் தள்ளிப்போடுவது நம் ஊரில் பரவலாகக் காணப்படும் பிழை.

ஒருவர் செலவை மட்டும் கழித்தால் அவர் கையில் எஞ்சுவது 5,41,000 ரூபாய். ஒரு சிறு தொழிலுக்கு இது முதலாகுமா, இல்லையா? இதுவே அவர் தமக்குத்தாமே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. வாகனம் ஓட்டத் தெரிந்தவர். பழைய சரக்கு வாகனம் ஒன்று வாங்கினால் பொன்னமராவதிக்கும் காரைக்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் ஓட்டிப் பிழைக்கலாம் என்று அவரே கூறினார். அப்படியானால் ஹனஃபீ சட்டப்படி அவர் மீது ஹஜ் கடமையாகிவிட்டது என்று இமாம் அவர்கள் விடையளித்தார்கள்.

இதைக் கேட்ட அவருடைய துணைவியார் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். தம் நகைகளை நிறுத்துப் பார்த்து, தம் மீதும் கடமை உண்டா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். உண்டு என்றே விடை வந்தது. இருவரும் அவரவர் பொருளில் விண்ணப்பித்தார்கள். கணவனின் தொழில் முதல் அப்படியே இருக்கிறது. நகையை விற்பதில் அந்தத் தாய் சற்றும் தயங்கவில்லை, தயங்கியவர் கணவர்தான்!

கையில் ரொக்கம் இல்லை, ஆகவே ஹஜ் இல்லை என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. குடியிருக்கும் வீடும் பிழைப்புக்கான நிலமும் போக, மனைகள் சும்மா கிடக்கின்றனவா? அவையும் கணக்கில் சேரும். வீட்டுமனை விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர், தம் வயதும் ஏறுவதை மறந்துவிடுகிறார்.

பணம் கையில் இருக்கும் காலமும் முக்கியம். ஊரார் ஹஜ்ஜுக்குப் புறப்படும் பருவத்தில் ஒருவரிடம் பொருள் இருந்தால் கடமை உறுதியாகிறது என்று பழைய நூல்கள் கூறும். அதற்கு முன்னரே வீடு கட்டவோ திருமணத்திற்கோ செலவிட்டுவிட்டால் குற்றமில்லை. இக்காலத்தில் விண்ணப்பம் பெறப்படுவது பயணத்திற்குப் பல மாதங்களுக்கு முன். ஆகவே விண்ணப்பக் காலத்தையே புறப்பாட்டுப் பருவமாகக் கொள்ள வேண்டும் என்று விளக்கம் தரும் ஆலிம்கள் உண்டு. ஓய்வுத் தொகை வரவிருப்போர் இதனை முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபெற வேண்டும்.

என் அனுபவம்

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2013-ஆம் ஆண்டு மே மாதம், ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றேன். பணிக்கொடை, சேமநல நிதி எல்லாம் கைக்கு வந்தன. மாதந்தோறும் ஓய்வூதியமும் உண்டு. ஆகவே, முதல் கரைந்தால் பிழைப்பு என்னாவது என்ற கேள்வியே எனக்கு எழ நியாயமில்லை. ஹஜ் அன்றே என் மீது கடமையாகிவிட்டது.

நான் என்ன செய்தேன்? வீட்டுக்கு மேல்தளம் எழுப்பினேன். மகனின் வெளிநாட்டுப் பயணத்திற்குக் கொடுத்தேன். மீதியை நீண்டகால வைப்பில் முடக்கினேன். "வைப்பு முதிரட்டும், பேரன் பள்ளியில் சேரட்டும்" என்று ஆண்டுதோறும் ஒரு காரணம் கிடைத்தது. என் மனைவி நினைவூட்டுவார். நான் கணக்குக் காட்டுவேன். கணக்கு வாத்தியார் அல்லவா, கணக்கில் என்னை வெல்ல அவரால் இயலாது.

ஒருவழியாக 2020 ஹஜ்ஜுக்கு விண்ணப்பித்தோம். குலுக்கலில் பெயரும் வந்தது. கொரோனா வந்தது. இந்தியாவிலிருந்து ஹாஜிகள் அனுப்பப்பட மாட்டார்கள் என்று அந்த ஆண்டு ஜூன் மாதம் அறிவிப்பு வெளியாயிற்று. விண்ணப்பித்திருந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கும் கட்டிய பணம் முழுமையாகத் திருப்பித் தரப்பட்டது. எங்கள் பணமும் வந்து சேர்ந்தது. 2021-லும் வெளிநாட்டு ஹாஜிகளுக்கு அனுமதியில்லை. 2022-இல் வாசல் திறந்தது. ஆனால் 65 வயதுக்கு மேற்பட்டோர் வரக்கூடாது என்று சவூதி அரசு வரம்பு விதித்தது. அதுகாறும் எழுபது வயதைக் கடந்தவர்களுக்குக் குலுக்கல் இன்றியே இடம் தந்து முன்னுரிமை வழங்கிவந்தது நம் ஹஜ் கமிட்டி. முதியவராக இருப்பதே தகுதியாக இருந்தது போய், முதியவராக இருப்பதே தடையாயிற்று. அப்போது எனக்கு வயது 67. வயதாகட்டும், பிறகு நிம்மதியாகச் செல்வோம் என்று காத்திருந்தவனுக்கு அந்த ஒரு வரி அறிவிப்பு போதும். வேறு உபதேசம் தேவைப்படவில்லை.

2023-இல் அந்த வரம்பு நீக்கப்பட்டு, அல்லாஹ்வின் அருளால் நாங்கள் இருவரும் சென்றோம். செலவு, நான் ஓய்வு பெற்றபோது ஆகியிருக்கக்கூடியதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் நான் சொல்ல வந்த நட்டம் அதுவன்று. 2013-இல் என் மனைவி நம் ஊரிலிருந்து வையாபுரி வரை நடந்துபோய்த் திரும்பக்கூடியவர். 2023-இல் அவருடைய முழங்கால்கள் தேய்ந்துவிட்டிருந்தன. கஅபாவை அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே வலம் வந்தார். ஸஃபா, மர்வாவுக்கிடையே பிறர் தள்ள, அவர் அமர்ந்து சென்றார். அரஃபாத்தின் வெயிலில் கூடாரத்தை விட்டு எழ முடியவில்லை. ஹஜ் நிறைவேறிற்று, சட்டத்தில் குறையில்லை, அல்ஹம்துலில்லாஹ். திரும்பும் விமானத்தில் அவர் என்னிடம் சொன்னது இவ்வளவே: "பத்து வருஷத்துக்கு முந்தி வந்திருந்தால் என் காலாலேயே சுற்றியிருப்பேன்." அதன் பிறகு இன்றுவரை அதைப் பற்றி அவர் பேசியதில்லை. நான் அந்தப் பத்தாண்டு வைப்பில் ஈட்டியது என்ன என்று எண்ணிப் பார்க்கிறேன். அதில் வட்டியைத் தனியே கழித்துக் கொடுத்துவிட்டேன். மிச்சம் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான்.

பயணத்தில் மாறாதது ஒன்றுமில்லை

ஹஜ்ஜுக்கு நிய்யத் செய்தோர், பயணத் திட்டம் மாறக்கூடும் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். நம் பாட்டன்மார் இங்கிருந்து இரயிலேறி பம்பாய் சென்று, முஸாஃபிர்கானாவில் நாட்கணக்கில் காத்திருந்து கப்பலேறினார்கள். அந்தக் கப்பல் பயணம் 1995-ஆம் ஆண்டோடு நின்றது. விமானக் கட்டணத்திற்கு மத்திய அரசு தந்துவந்த மானியத்தைப் பத்தாண்டுகளுக்குள் படிப்படியாக நிறுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2012-இல் ஆணையிட்டது. 2018-இல் அது முற்றிலும் நிறுத்தப்பட்டது. கொரோனாவுக்குப் பின் 2022-இல் சென்னை நீக்கப்பட்டு, தமிழக ஹாஜிகள் கொச்சியிலிருந்து புறப்பட நேர்ந்தது; 2023-இல் சென்னை மீண்டும் கிடைத்தது. 2025-இல் பணமும் ஒப்பந்தங்களும் உரிய காலத்தில் நிறைவு பெறாததால், தனியார் ஏற்பாட்டாளர்கள் வழியாகச் செல்லவிருந்த சுமார் 42,000 இந்தியர்களின் இடங்கள் பறிபோயின. அவர்களுள் பலர் முழுத் தொகையையும் கட்டியிருந்தவர்கள்.

இவற்றிலிருந்து மூன்று பாடங்கள். ஹஜ்ஜுக்கென்று ஒதுக்கிய தொகையை ஐந்தாண்டு, பத்தாண்டு வைப்பில் முடக்காதீர்கள். குலுக்கலில் பெயர் வந்தவுடன் சில நாட்களுக்குள் முதல் தவணை கட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது, அந்தத் தொகையை முதுமைக்கால முதலோடு கலக்காமல் தனிக் கணக்கில் வையுங்கள். பயணம் ஓராண்டு தள்ளிப்போனாலும் அது வேறு செலவில் கரையாது. மூன்றாவது, தனியார் ஏற்பாட்டில் செல்வோர் அரசு அங்கீகாரத்தை விசாரிக்காமலும், இரசீது பெறாமலும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். 2024-இல் கடும் வெப்பத்தில் உயிர்நீத்த 1,301 பேரில் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்தவர்கள் என்று சவூதி அரசு அறிவித்தது. செலவைக் குறைக்க எண்ணிக் குறுக்கு வழியில் சென்றவர்களுக்கு நிழலும் கூடாரமும் கிடைக்கவில்லை.

வெயிலுக்கு அஞ்சுவோருக்கு ஒரு சொல். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாட்கள் குறைவு. 2025-இல் ஜூன் தொடக்கத்தில் வந்த அரஃபா நாள், 2030-களின் தொடக்கத்தில் மார்ச் மாதத்தை நெருங்கிவிடும். பருவம் நமக்காக இறங்கி வருகிறது. ஆனால் நாம் அதுவரை இருப்போம் என்பதற்கு எவரிடமும் உத்தரவாதம் இல்லை.

மலாயா காட்டிய வழி

நம் பகுதி மக்களுக்கு மலேசியா அயல்நாடன்று. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நமக்கு உறவினர் உண்டு. அந்த நாட்டில், கிராமத்து மலாய் விவசாயிகள் ஹஜ்ஜுக்காகப் பணத்தை வீட்டிலேயே ஒளித்துவைத்துச் சேர்ப்பார்கள். வங்கி வட்டிக்கு அஞ்சி அங்கே போகமாட்டார்கள். போதாதபோது நிலத்தையும் மாட்டையும் விற்றுப் புறப்படுவார்கள். ஹாஜியாகத் திரும்பி வந்து, கூலியாளாக வாழ்வார்கள். நம் சகோதரர் கேட்ட அதே கேள்விதான் அங்கும்.

உங்கு அஸீஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் இதனை ஆராய்ந்து, வட்டி கலவாத ஹஜ் சேமிப்புத் திட்டம் ஒன்றை 1959-இல் அரசுக்கு அளித்தார். அதன்படி ஹஜ் சேமிப்பு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டு, 1963-இல் 1,281 பேரின் சுமார் 46,600 வெள்ளியுடன் செயல்படத் தொடங்கியது. 1969-இல் ஹஜ் நிர்வாக அலுவலகத்துடன் இணைக்கப்பட்டது. அதுவே இன்று தாபுங் ஹாஜி என்று உலகறிந்த நிறுவனம். சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையை வட்டியில்லா முதலீடுகளில் ஈடுபடுத்தி, இலாபத்தைப் பகிர்ந்தளிக்கிறது. விவசாயி தன் நிலத்தை விற்காமலே ஹஜ்ஜுக்குச் செல்ல வழி பிறந்தது.

அந்நிறுவனத்திற்கும் சோதனை வந்தது. 2018-இல் அதன் பொறுப்புகள் சொத்துகளைவிட மிகுந்துவிட்டதாகக் கண்டறியப்பட்டு, அரசு தலையிட்டுச் சீரமைத்தது. அரசின் உத்தரவாதம் இருந்ததால் எளியோர் பணம் தப்பியது. நல்ல நோக்கம் மட்டும் போதாது, கணக்குத் தணிக்கையும் வேண்டும் என்பது இதன் பாடம்.

நம் நாட்டில் அந்த உத்தரவாதம் இல்லாதபோது என்னாகும் என்பதையும் கண்டோம். 2019-இல் பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் சரிந்தபோது, ஹலால் இலாபம் என்ற சொல்லை நம்பித் தம் ஓய்வுக்காலச் சேமிப்பையும் பெண்மக்களின் திருமணப் பணத்தையும் கொட்டியிருந்த ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் தெருவில் நின்றன. தாடியும் தொப்பியும் தணிக்கை அறிக்கைக்கு ஈடாகா. மாதந்தோறும் நிச்சய இலாபம் என்று எவர் சொன்னாலும் விலகி நில்லுங்கள். நிச்சயம் என்று சொன்ன அந்த இடத்திலேயே அது வணிகம் என்ற தன்மையை இழந்துவிடுகிறது.

முதலை எங்கே வைப்பது?

ஹஜ் செலவு போக எஞ்சிய முதுமைக்கால முதலை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. வைப்புத் தொகையின் வட்டி நமக்கு ஆகாது. பணியாளர்களின் சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கப்படும் சேமநல நிதியில் கூடுதலாகச் சேரும் தொகை பற்றி உலமாக்களிடம் தனி விளக்கம் உண்டு. நாமே விரும்பிக் கூடுதலாகச் செலுத்துவதன் நிலை வேறு. உங்கள் கணக்குச் சீட்டை இமாம் அவர்களிடம் காட்டிக் கேளுங்கள். நம் பக்கத்தில் வீட்டையும் நிலத்தையும் ஒத்திக்குப் பிடிக்கும் வழக்கம் பெருகியுள்ளது. கொடுத்த பணம் முழுவதும் திரும்பி வர, இடையில் வாடகையின்றி அனுபவிப்பது கடனைக் கொண்டு பெறும் ஆதாயம் ஆகாதா என்பதை எண்ணிப் பாருங்கள்.

உறவினர் கடையில் பங்குக்கு முதல் போடுவது ஆகுமான வழி. ஆனால் எழுத்தில் இல்லாத பங்கு பின்னாளில் பகையாகிறது. கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்குமாறு பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. மச்சான்தானே, மைத்துனன்தானே என்று எழுதாமல் விட்டதால், பஞ்சாயத்துக்கு இந்தப் பள்ளிவாசல் திண்ணைக்கு வந்த வழக்குகளைப் பெரியோர்கள் அறிவார்கள். இலாபத்தில் இத்தனை பங்கு, நட்டத்தில் முதலுக்கேற்பப் பொறுப்பு, விலகும்போது கணக்கு முடிக்கும் முறை ஆகிய மூன்றையும் எழுதுங்கள். இரு சாட்சிகளை வையுங்கள். முதல் முழுவதையும் ஒரே இடத்தில் போடாதீர்கள். ஆறு மாதக் குடும்பச் செலவையும் மருத்துவச் செலவையும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

வீண் செலவைப் பற்றியும் ஒரு சொல். ஹஜ்ஜுக்கு முன்னும் பின்னும் நாம் நடத்தும் விருந்து, வழியனுப்ப வாகனங்கள், பரிசுப் பொருட்கள் இவற்றில் கரையும் தொகை இன்னொருவரின் முதல் தவணைக்குப் போதுமானது. கடன் வாங்கி ஹஜ் செய்ய மார்க்கம் கேட்கவில்லை. கடன் வாங்கி விருந்து வைக்க எவர் கேட்டார்? அதுபோல், ஹஜ் கடமையாகியிருக்க, ஈராண்டுக்கு ஒருமுறை உம்ராப் பயணக் குழுவில் சேர்ந்து அந்தப் பணத்தைச் செலவிடுவோரும் உண்டு. உம்ரா பெரும் பாக்கியம்தான். ஆனால் ஹஜ்ஜின் கடனை அது தீர்க்காது.

இளைஞர்களுக்கும் ஜமாஅத்துக்கும்

இளைஞர்களே, மாதம் 2,000 ரூபாய் வீதம் பதினைந்து ஆண்டுகள் ஒதுக்கினால் 3,60,000 ரூபாய். நாற்பது வயதில் தொடங்கினால் ஐம்பத்தைந்தில் கையில் இருக்கும். இருபத்தைந்தில் தொடங்கினால் நாற்பதில், முழங்கால்கள் உறுதியாக இருக்கும்போதே இருக்கும். செலவு ஏறும் என்பதால், ஊதியம் உயரும்போது ஒதுக்கும் தொகையையும் உயர்த்துங்கள். சேர்ந்த தொகைக்கு ஆண்டுதோறும் ஜகாத்தைக் கணக்கிட மறவாதீர்கள்.

ஜமாஅத் நிர்வாகத்திற்கு மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். முதலாவது, ஜமாஅத் எவருடைய சேமிப்பையும் தன் பெட்டியில் வாங்கி வைக்க வேண்டாம். பொதுமக்களிடம் வைப்புத் தொகை திரட்டுவதற்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கடும் கட்டுப்பாடுகளை விதித்துள்ளது. அமானிதத்தின் சுமையும் பெரிது. அவரவர் பணம் அவரவர் கணக்கிலேயே இருக்கட்டும். இரண்டாவது, ஒவ்வோராண்டும் விண்ணப்பக் காலத்திற்கு மூன்று மாதம் முன்னரே ஒரு ஜும்ஆவில் அறிவித்து, கடவுச்சீட்டு, மருத்துவச் சான்று, விண்ணப்பம் ஆகியவற்றுக்கு உதவ இளைஞர் இருவரை நியமிக்க வேண்டும். மூன்றாவது, ஓய்வு பெறுவோரும் வெளிநாட்டிலிருந்து நிரந்தரமாகத் திரும்புவோரும், பணம் கைக்கு வந்த மாதத்திலேயே இமாம் அவர்களுடனும் கணக்கறிந்த ஒருவருடனும் அமர்ந்து தம் கணக்கைப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். கணக்கறிந்தவர் தேவையெனில் நான் இருக்கிறேன். ஊதியம் வேண்டாம். என் பழைய கணக்கைத் திருத்த எனக்குக் கிடைக்கும் வழி அது ஒன்றே.

கடமையானவர் கடமையை உடனே நிறைவேற்றட்டும். கடமையாகாதவர் மனம் வருந்தாமல், தம் பிழைப்பைக் காத்து, நிய்யத்தோடு சேமிக்கட்டும். முடியாமல் போனவர் தமக்குப் பகரமாக ஒருவரை அனுப்பவும், இறப்புக்கு முன் வசிய்யத் எழுதிவைக்கவும் மறவாதிருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் பொருளை ஹலாலானதாக்கி, நம் உடலில் வலிமை இருக்கும்போதே தன் இல்லத்தைக் காணும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. முதுமையில் எவரிடமும் கையேந்தாத வாழ்வையும் அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.